“மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன், இனி டாக்டரிடம் போகலாமா?”

வாசகர் கடிதம்:

அன்புள்ள சிஸ்டருக்கு, எனக்கு 47 வயது. தூத்துக்குடி பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். தவக்காலத்தில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி மாதிரி கையில் தட்டுப்பட்டது. அப்போது சுண்டைக்காய் அளவு. நான்கு மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வலி இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும்தான். என் அக்கா மார்புப் புற்றுநோயில் இறந்தாள். ஆபரேஷன் செய்த ஐந்தாம் மாதம் போய்விட்டாள். கத்தி பட்டதால்தான் பரவியது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். மகளுக்கு தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இது வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்?

எங்கள் செபக்குழுவில் ஒரு அண்ணன், “டாக்டரிடம் போனால் ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தம், சந்தேகப்பட்டால் சுகம் கிடைக்காது” என்றார். அதனால் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். கட்டி கரைந்துவிட்டால் பிறந்தநாள் திருவிழாவுக்கு நடந்தே வந்து மொட்டை போடுகிறேன், அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று. தினமும் மாதா எண்ணெயைத் தேய்த்துச் செபமாலை சொல்கிறேன். ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்து உடம்பெல்லாம் நடுங்குகிறது. பழைய பாவம் ஒன்றுக்குக் கடவுள் தரும் தண்டனையோ என்றும் தோன்றுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவம்தான். பயத்தை விட்டுவிட்டு நம்பிக்கையோடு இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மாதா பிறந்தநாள் திருவிழா வருகிற செப்டம்பர் 8 வரை காத்திருக்க வேண்டாம், நவநாள் முடியட்டும் என்றும் இருக்க வேண்டாம். நான்கு மாதத்தில் வளர்ந்திருக்கிற, வலி இல்லாத கட்டியைக் கட்டாயம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதைப் பலர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டினால் போதும். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே.

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டியாக இருக்கலாம், சாதாரணக் கொழுப்புக் கட்டியாகவோ நார்க்கட்டியாகவோ இருக்கலாம். ஆனால் உங்கள் வயதையும் அக்காவுக்கு வந்த நோயையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது எதுவென்று ஊகித்துக்கொண்டிருக்க எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அதைச் சொல்ல மூன்று படிகள் உண்டு. முதலில் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார், அக்குளையும் சேர்த்து. பெண் டாக்டர் வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். அடுத்து மேமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுப்பார்கள். மேமோகிராமில் மார்பைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள், சில விநாடிகள் வலிக்கும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு இன்னொரு ஊசியால் சிறு துணுக்குத் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ரிப்போர்ட் வரச் சில நாட்களோ ஒரு வாரமோ ஆகும். நீங்கள் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கற்பனை செய்கிற அறுவைசிகிச்சை, மொட்டைத் தலை, மரணம் எதுவும் இந்த மூன்று படிகளுக்குள் இல்லை.

ஒன்றை மட்டும் உடனே நிறுத்துங்கள். மாதா எண்ணெயை விசுவாசத்தோடு நெற்றியில் பூசிச் சிலுவை போட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. கட்டியின் மேல் அழுத்தித் தேய்க்கவோ உருவவோ வேண்டாம்.

உங்கள் அக்காவைப் பற்றி எழுதிய வரியில் வெகுநேரம் நின்றேன். கத்தி பட்டதால் பரவியது என்று நம் ஊர்களில் பரவலாக நம்புகிறார்கள். நான் வேலை பார்க்கிற புற்றுநோய்ப் பிரிவில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் இல்லை. கத்தி பட்டுப் பரவுவதில்லை, ஊசி குத்தியும் பரவுவதில்லை. பரவிய பிறகுதான் நம் பெண்கள் பலர் கத்திக்கு வருகிறார்கள். மறைத்து, நாட்டு வைத்தியம் பார்த்து, தோல் வெடித்து நாற்றம் வந்தபிறகு வேறு வழியில்லாமல் வருவார்கள். அப்போது ஆபரேஷன் செய்தாலும் நோய் முன்பே நுரையீரலுக்கோ எலும்புக்கோ போயிருக்கும். ஊர் பார்ப்பது ஆபரேஷனையும் அதற்கடுத்த சாவையும் மட்டும். அதற்கு முன்னால் வீணாகப் போன மாதங்களை யாரும் பார்ப்பதில்லை. அந்த மாதங்களில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்குகிற சிகிச்சைகூடப் பலருக்குச் சாத்தியம்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். டாக்டரிடம் போகாததற்குக் காரணம் நம்பிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகாததற்கான காரணங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன: அக்காவின் சாவு, ஆபரேஷன், மகள் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார். எல்லாமே பயம். அந்தப் பயத்துக்கு மேலே செபமாலையைப் போர்த்தியிருக்கிறீர்கள். நம்பிக்கைதான் உங்களைத் தடுக்கிறது என்றால் கணவரிடம் ஏன் மறைத்தீர்கள்? மாதாவை நம்பி நிற்கிறேன் என்று அவரிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கலாமே! உங்களைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. உங்களைப் போலப் பக்தியுள்ள பெண்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பயம் பக்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தால் அதை அடையாளம் காண்பது கஷ்டம். உங்கள் நிலைமையில் நம்பிக்கை என்பது, என்ன ரிப்போர்ட் வந்தாலும் நான் ஆண்டவர் கையில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்த ஸ்கேன் அறைக்குள் போவது.

ஆலயத்தின் உச்சியில் சாத்தான் இயேசுவிடம் கேட்டதை நினைத்துப் பாருங்கள். கீழே குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். திருப்பாடலைக்கூட மேற்கோள் காட்டினான். கேட்பதற்கு அதுவும் பெரிய விசுவாசம் போலத்தான் இருக்கிறது. இயேசு, “உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம்” என்று மறுத்துவிட்டார். கடவுளின் நன்மைத்தனத்தையும் வல்லமையையும் சொல்லாலோ செயலாலோ சோதனைக்கு உட்படுத்துவது பாவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் இந்த நிகழ்ச்சியையே காட்டிச் சொல்கிறது. “கட்டியை நீர் கரைத்துக் காட்டும், அதுவரை படி ஏற மாட்டேன்” என்பது அந்த உச்சியில் நின்று பேசுகிற பேச்சுதான்.

நம் கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்று ஒரு நூல் இருக்கிறது. பிரிந்த சபைகளின் விவிலியத்தில் இது இராது; உங்கள் செபக்குழு அண்ணன் எங்கிருந்து படித்தாரோ தெரியவில்லை. அதன் 38ஆம் அதிகாரத்தை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று தொடங்குகிறது. மருந்துகளை மண்ணிலிருந்து விளையச் செய்தவர் ஆண்டவர், அறிவுள்ளவர் அவற்றை ஒதுக்க மாட்டார் என்கிறது. நோயுற்றால் மன்றாடு, பாவத்தை விலக்கு, காணிக்கை செலுத்து என்று சொல்லிவிட்டு, அப்புறம் மருத்துவருக்கும் இடம் கொடு, அவர் உனக்குத் தேவை என்கிறது. செபம், மருத்துவம் இரண்டும் ஒரே அதிகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. குணமளிக்கும் செபங்களைப் பற்றி உரோமை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவுரையும் இதைத்தான் சொல்கிறது: செபிப்பது சிகிச்சையைத் தடுப்பதில்லை, அதை ஊக்குவிக்கவே செய்கிறது. மாதா காட்சி கொடுத்த பிரான்சின் லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவர்களின் அலுவலகம் இயங்குகிறது. குணமானேன் என்று வருகிறவரின் பழைய ரிப்போர்ட்டுகளைத்தான் முதலில் கேட்பார்கள். மாதாவின் அற்புதத்தைச் சான்று சொல்லவே டாக்டர் தேவைப்படுகிறார்.

சந்தேகப்பட்டால் சுகம் கிடைக்காது என்று அந்த அண்ணன் சொன்னது என்னைக் கோபப்படுத்தியது. அவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நோயாளியிடம் இப்படிச் சொன்னால், நோய் குணமாகாவிட்டால் அதற்கும் அவளையே குற்றவாளி ஆக்குகிறோம். வலிப்பு வந்த பையனின் அப்பா இயேசுவிடம் என்ன சொன்னார்? “நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்.” பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். இயேசு பையனைக் குணமாக்கினார். மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் கஷ்டப்பட்ட பெண்ணைப் பாருங்கள். வைத்தியர் பலரிடம் போய்ச் சொத்தையெல்லாம் செலவழித்தவள். அவளை இயேசு “டாக்டரிடம் ஏன் போனாய்?” என்று கேட்கவே இல்லை. அவள் அஞ்சி நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து நடந்த உண்மை முழுவதையும் சொன்னாள். நடுக்கம் நின்றபிறகு வரவில்லை. மகளே, உன் நம்பிக்கை உன்னைக் குணமாக்கிற்று என்று அவர் சொன்னது அந்த நடுங்குகிற பெண்ணிடம்.

அதே அதிகாரத்தில், சாகக் கிடந்த மகளுக்காக இயேசுவை வீட்டுக்கு அழைக்க வந்த யாயிர் இருக்கிறார். மகள் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது இயேசு அவரிடம், “அஞ்சாதீர், நம்பிக்கையை மட்டும் விடாதீர்” என்கிறார். அந்த வார்த்தைக்கும் மகள் எழுந்ததற்கும் நடுவில் ஒரு தெருவை நடந்து கடக்க வேண்டியிருந்தது. ஒப்பாரிச் சத்தம் கேட்கிற வீட்டை நோக்கி அந்த அப்பா நடந்தார். எப்படி நடந்தார் என்று மாற்கு எழுதவில்லை. கால் பின்னியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் இயேசு நடந்தார். நான் உங்களிடம் கேட்பதும் அந்த நடையைத்தான்.

சரி, நேர்ச்சைக்கு வருவோம். நேர்ந்ததை மீறினால் மாதா கோபிப்பாளோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும், கடிதத்தில் எழுதாவிட்டாலும். திருச்சபைச் சட்டம் நேர்ச்சை எது என்று தெளிவாக வரையறுத்திருக்கிறது: நம்மால் செய்யக்கூடிய, மேலான ஒரு நன்மையைப் பற்றிக் கடவுளுக்குத் தெளிந்த மனத்தோடு சுதந்திரமாகக் கொடுக்கும் வாக்கு. நடைப்பயணம் போகிறேன், முடி கொடுக்கிறேன் என்பது அதில் வரும். சிகிச்சைக்குப் போக மாட்டேன் என்பது நன்மையே அல்ல. உயிரும் உடல்நலமும் கடவுள் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள், அவற்றைக் கவனித்துக்கொள்வது கடமை என்று மறைக்கல்வி சொல்கிறது. அந்தக் கடமையை விடுகிறேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அந்தப் பாதி உங்களைக் கட்டவே இல்லை. மற்றப் பாதியும் உறுத்தினால் பங்குச் சாமியாரைப் பாருங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து நியாயமான காரணத்துக்காக விலக்கு அளிக்கவும், அதை இலேசான வேறொன்றாக மாற்றித் தரவும் பங்குத்தந்தைக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. சிகிச்சை தேவைப்பட்டால் அந்த உடம்போடு நீங்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கக் கூடாது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பஸ்ஸில் போகலாம், மாதா ஏற்றுக்கொள்வாள்.

தண்டனை விஷயம். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்ல என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படி அல்ல என்றார். பாவமன்னிப்பு வழங்கிய பாவத்தை நான்காவது மாதமோ நாற்பதாவது வருடமோ மார்புக்கட்டியாக அனுப்பிவைக்கிற கடவுளை நம் திருச்சபை அறியாது. மன்னித்தது மன்னித்ததுதான். திரும்பவும் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு புனிதையை அறிமுகப்படுத்த ஆசை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைத் தெரியும். அவருடைய அம்மா செலி மார்ட்டினைப் பற்றி நம் பங்குகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிரான்சில் அலான்சோன் என்ற ஊரில் சரிகைப் பின்னல் தொழில் நடத்தி, வேலையாட்களை வைத்துச் சம்பாதித்தவர். ஒன்பது பிள்ளைகள் பெற்று, நான்கு பேரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். மார்பில் கட்டி இருப்பதை 1865லேயே தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பிறகு அதைக் கவனிக்காமலே வருடங்கள் போயின. 1876 கடைசியில் அது பெரிதாகி வலிக்கத் தொடங்கியபோதுதான் டாக்டரிடம் போனார். உள்ளூர் டாக்டர் ஒரு மருந்துச்சீட்டை எழுதிக் கொடுத்தார். இதனால் என்ன பயன் என்று செலி நேருக்கு நேர் கேட்டார். ஒன்றும் இல்லை, நோயாளிகளின் திருப்திக்காகக் கொடுக்கிறோம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். தம்பி குடும்பம் இருந்த லிசியேவுக்குப் போய் அங்கே ஒரு அறுவை மருத்துவரிடமும் காட்டினார். காலம் கடந்துவிட்டது என்றார் அவர்.

1877 பிப்ரவரியில், துறவியாக இருந்த செலியின் அக்கா காசநோயில் இறந்தார். அந்த ஜூனில் செலி மூத்த பெண்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு லூர்துக்குத் திருப்பயணம் போனார். ஊற்றுத் தண்ணீரில் பலமுறை மூழ்கினார். குணமாகவில்லை. திரும்பி வந்து, ஆண்டவர் மேல் இருந்த நம்பிக்கையை விடாமல், முடிந்தவரை தொழிலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஆகஸ்ட் 28ஆம் தேதி 45 வயதில் இறந்தார். தெரேசாவுக்கு அப்போது நான்கு வயது. 2015 அக்டோபர் 18ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் செலியையும் கணவர் லூயியையும் சேர்த்தே புனிதர்களாக அறிவித்தார்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 1877இல் இந்த நோய்க்கு இருந்த வைத்தியம் என்ன, இன்றைக்கு இருப்பது என்ன! மேமோகிராம் கிடையாது, கீமோ கிடையாது, ஹார்மோன் மாத்திரை கிடையாது. டாக்டரிடம் போனதும் லூர்துக்குப் போனதும் ஒரே பெண்தான் என்பதைப் பாருங்கள். டாக்டரிடம் போனதால் அவர் விசுவாசம் குறைந்ததாகத் திருச்சபை கருதவில்லை, லூர்தில் குணமாகாததாலும் கருதவில்லை. பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. உங்கள் அக்கா குணமாகாமல் இறந்தாளே, அவளுடைய நம்பிக்கையும் பொய்த்துப்போகவில்லை. செலியிடம் செபியுங்கள். அவருக்கு உங்கள் மூன்று மணி விழிப்பு தெரியும்.

அந்த விழிப்பைப் பற்றியும் சொல்கிறேன். பயம் வருவது பாவம் இல்லை. சிலுவைச் சாவுக்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இயேசு திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். துன்பக் கிண்ணத்தை அகற்றும் என்று அவர் ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கிண்ணம் அகலவில்லை. ஆனால் எழுந்து, “எழுந்திருங்கள், போவோம்” என்றார். பயம் போகட்டும், அப்புறம் நம்புகிறேன் என்று நீங்கள் காத்திருந்தால் ஒருநாளும் நம்ப முடியாது. பயம் கூடவே வரட்டும்.

ராத்திரி விழிப்பு வந்தால் படுத்தபடியே அதோடு சண்டை போடாதீர்கள். எழுந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள். மனத்தில் ஓடுவதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் நாளைக்கு நான் செய்யக்கூடியது எது என்று ஒன்றை மட்டும் பிரித்தெடுங்கள். டாக்டருக்கு நேரம் கேட்பதாக இருக்கலாம், அக்காவின் பழைய ரிப்போர்ட்டைத் தேடுவதாக இருக்கலாம் (அதைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்று டாக்டர் கேட்பார்). மீதி எல்லாவற்றுக்கும், “தந்தையே, உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன்” என்ற ஒரு வரி போதும். சிலுவையில் சொன்ன செபம் அது. திருச்சபை அதன் சாயலில்தான் ஒவ்வோர் இரவு மன்றாட்டிலும் செபிக்கிறது. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். தூக்கமின்மை நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு, அதுவும் சீராக் சொன்ன மருத்துவத்தில் அடங்கியதுதான்.

கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தள்ளிப்போட வேண்டாம். “எனக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கு, நாலு மாசமா சொல்லலை, பயமா இருந்துச்சு, என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க.” இவ்வளவு போதும். அவர் கோபப்படலாம். மறைத்ததற்கான கோபம் அது, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். திருமணத்தில் நோயிலும் உடல்நலத்திலும் என்று நீங்கள் இருவரும் வாக்குக் கொடுத்தது இந்த மாதிரி நாளுக்காகத்தான். அவரைத் தள்ளி வைத்து நீங்கள் தனியாகச் சுமப்பது அவருக்குச் செய்கிற நன்மை ஆகாது.

மகள் கல்யாண விஷயத்தில் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பெண்ணுக்கு ஒரு வியாதி என்றால் அவள் பெற்ற பிள்ளைக்குக்கூட விலை குறைகிறது. இது அநியாயம், இதை மாற்ற வேண்டும். ஆனால் உங்களுக்கு இப்போது தேவை நடைமுறை வழி. என்ன என்றே தெரியாத ஒன்றை இப்போது சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. ரிப்போர்ட் வரட்டும். சாதாரணக் கட்டி என்றால் பேச்சே இல்லை. சிகிச்சை தேவை என்றால் மகளிடம் முதலில் சொல்லுங்கள், அவள் பெரியவள். பிறகு அவளையும் கணவரையும் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள், மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்ததும் விலகுகிற வீட்டுக்கு உங்கள் மகள் போகாமலிருப்பதே நல்லது. தை மாதக் கல்யாணத்தில் நீங்கள் தெம்பாக உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் ஆடியிலேயே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் அந்த நாளுக்குத்தான் ஆபத்து.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனையிலேயே அதற்கான கவுண்டர் இருக்கும். குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டுபோங்கள். சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது.

ஒருவேளை ஆபரேஷன் என்று முடிவானால், அதற்கு முன் நோயில்பூசுதல், அதாவது சாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம், பெற்றுக்கொள்ளுங்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் போகப்போகிறது என்று நம் வீடுகளில் இன்னும் நடுங்குகிறார்கள். சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானது அல்ல அது. பெரிய அறுவைசிகிச்சைக்கு முன் அதைப் பெறுவது பொருத்தம் என்று மறைக்கல்வியே சொல்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் முன் அதைப் பெற்றவர்களின் கைகளைப் பிடித்திருக்கிறேன். அதன் பிறகு அவர்களின் நடுக்கம் குறைந்ததை நான் என் கையிலேயே உணர்ந்திருக்கிறேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், என்ன சொன்னார் என்று. ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள முடியாவிட்டால் அதையும் அனுப்புங்கள், எங்கள் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். கூட வர ஆள் இல்லை என்றாலும் எழுதுங்கள், உங்கள் பக்கத்தில் இருக்கிற ஒரு சகோதரியை அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். எங்கள் மடத்துக் காலைத் திருப்பலியில் உங்களையும் உங்கள் அக்காவின் ஆன்மாவையும் நினைத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆண்டவரில் உங்கள் சகோதரி